பனிவண்டியும் அதன் விலையும்

குளிர்நாடுகளில் பனி பெய்து நிலம் முழுவதும் வெண்மையாகிவிட்டால் சக்கரத்துக்கு அங்கே வேலை இல்லை. சக்கரம் புதைந்துபோகும்; குதிரையின் காலும் புதையும்; மனிதனோ இடுப்பளவு பனியில் நூறு கஜம் நடப்பதற்குள் களைத்துவிடுவான். அத்தகைய நிலத்தில் ஓடுவதற்கென்றே உண்டான ஊர்தி ஒன்று இருக்கிறது. முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்புறம் இயந்திரத்தால் சுழலும் அகன்ற ரப்பர்ப் பட்டை. நடுவே மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற இருக்கை. ஸ்னோமொபைல் என்பது அதன் பெயர். பனிவண்டி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். காஷ்மீரத்தில் குல்மார்க்குக்குச் சென்றுவந்த நேயர்கள் சிலர் இதைப் பார்த்திருக்கலாம். ஏறி அமர்ந்தும் இருக்கலாம்.

இவ்வண்டிகளுள் மிக உயர்ந்த வரிசையில் வைத்து எண்ணப்படுவது, ஆற்றல் மிக்க நான்கு வீச்சு இயந்திரம் பூட்டிய வண்டி. அதன் தரம் உயர்ந்தது; அதன் விலையும் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே வருகிறது. இதன் எதிர்காலம் என்ன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். எங்கோ இருக்கும் பனிநாட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். தேவைக்காகப் பிறந்த கருவி ஒன்று மேன்மேலும் செம்மையடைகிறது; செம்மையடைந்த காரணத்தாலேயே, தேவைப்பட்டவனின் கைக்கு எட்டாமற் போகிறது. இது எந்த நாட்டாரும் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி அன்றோ?

முதலில் அதன் பிறப்பைப் பார்ப்போம். கானடா நாட்டின் க்யுபெக் மாகாணத்தில் வால்கூர் என்பது ஒரு சிற்றூர். அங்கே மோட்டார்ப் பட்டறை வைத்திருந்தவர் ஜோசப் அர்மான் பம்பார்டியே. இளமை முதலே பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்துவிட வேண்டுமென்று முயன்றுவந்தவர் அவர். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் கடுமையான வயிற்று நோயால் துன்புற்றான். பாதைகளைப் பனி மூடிக் கிடந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. தந்தை தம் முயற்சியைக் கைவிடவில்லை. ரப்பர்ப் பட்டையைப் பற்சக்கரத்தால் இயக்கும் முறைக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். எழுவர் அமரக்கூடிய பெரிய பனிவண்டிகள் அவருடைய பட்டறையிலிருந்து வெளிவந்தன. பின்னர்ப் பன்னிருவர் அமரும் வண்டிகளும் வந்தன. மருத்துவர்களும் தபால்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அவற்றில் சென்றார்கள்.

1948இல் நெடுஞ்சாலைகளில் பனியை அகற்றவேண்டும் என்று க்யுபெக் அரசு விதித்தது. பெரிய வண்டிகளின் தேவை குறைந்தது. பம்பார்டியே சிறிய வண்டியின்மேல் கருத்தைச் செலுத்தினார். 1959இல் 'ஸ்கீ-டூ' என்ற பெயருடன், ஒருவர் அல்லது இருவர் ஏறிச்செல்லும் வண்டி விற்பனைக்கு வந்தது. விலை சுமார் 900 டாலர். இயந்திரத்தின் ஆற்றல் வெறும் 7 குதிரைச் சக்தி. வடபுலத்து வேட்டைக்காரர்களும் பாதிரிமார்களும் நாய்வண்டிக்குப் பதிலாகப் பயன்படுத்தட்டும் என்பதே அவருடைய எண்ணம்.

அந்த முதல் ஸ்கீ-டூவில் இருந்தது நான்கு வீச்சு இயந்திரம் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். சில ஆண்டுகளுக்குள் இரண்டு வீச்சு இயந்திரம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு நாற்பது ஆண்டுகள் பனியில் அதுவே ஆட்சி புரிந்தது. காரணத்தைச் சற்று விளக்குகிறேன்.

இயந்திரத்தின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் செல்கிறது. ஒருமுறை மேலே செல்வதும் ஒரு வீச்சு. கீழே வருவதும் ஒரு வீச்சு. எரிபொருளையும் காற்றையும் உள்ளே இழுத்தல், அமுக்குதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் என்ற நான்கு பணிகளுக்கும் தனித்தனியே ஒரு வீச்சை ஒதுக்குவது நான்கு வீச்சு இயந்திரம். பட்டறைகளில் இதை ஃபோர் ஸ்ட்ரோக் என்பார்கள். இரண்டு வீச்சு இயந்திரமோ நான்கு பணிகளையும் இரண்டே வீச்சில் முடித்துவிடுகிறது. ஆகவே அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கிறது; மற்றது இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது. வால்வுகள் இல்லை, வால்வைத் திறந்து மூடும் தண்டும் இல்லை. எடையோ குறைவு, விலையோ குறைவு, பாய்ச்சலோ அதிகம். ஆழ்ந்த பனியில் ஒவ்வொரு கிலோவும் வண்டியைப் புதைக்கப் பார்க்கும். அங்கே எடை குறைந்த இயந்திரம் வென்றதில் வியப்பில்லை.

ஆனால் அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. உருளைக்குள் புதுக் கலவை நுழையும்போதே பழைய புகையும் வெளியேறுவதால், பழைய வகை இரண்டு வீச்சு இயந்திரத்தில் எரிபொருளில் ஏறத்தாழக் கால் பங்கு எரியாமலே வெளியே போய்விடும். மசகெண்ணெயும் சேர்ந்து எரிந்து நீலப் புகையாகும். நம் நகரங்களில் முற்காலத்து ஆட்டோக்களின் பின்னால் நின்றவர்களுக்கு அந்தப் புகையை நான் வருணிக்க வேண்டுவதில்லை.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இந்தக் குறை கண்ணுக்கும் மூக்கிற்கும் வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டிய குளிர்காலங்களில், மேற்கு நுழைவாயிலில் வரிசையாக நின்ற வண்டிகளின் புகையைத் தாங்காமல் காவலர்கள் முகமூடி அணிந்து பணிபுரிய நேர்ந்தது. தடை விதிப்பதா, கட்டுப்படுத்துவதா என்று நீண்ட வழக்குகள் நடந்தன. முடிவில், புகையிலும் ஒலியிலும் குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட வண்டிகளே, அதுவும் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுடன், நுழையலாம் என்றாயிற்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் 2002இல் பனிவண்டிகளின் புகைக்கு முதன்முறையாக வரம்பு கட்டி, 2006 முதல் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இந்தச் சூழலில்தான் நான்கு வீச்சு இயந்திரம் பனிக்குத் திரும்பி வந்தது. முதலில் வந்தவை அமைதியான, மெதுவான சுற்றுலா வண்டிகள். 2003ஆம் ஆண்டு மாதிரியாக ஜப்பானிய யமஹா நிறுவனம் 'ஆர்எக்ஸ்-1' என்ற வண்டியைக் கொண்டுவந்தது. தன் அதிவேக மோட்டார் சைக்கிளின் 998 கன சென்டிமீட்டர் இயந்திரத்தைத் திருத்தியமைத்து அதில் பொருத்தியிருந்தது. ஆற்றல் சுமார் 145 குதிரைச் சக்தி. நான்கு வீச்சு என்றால் மந்தம் என்ற எண்ணம் அன்றோடு மறைந்தது. 2017ஆம் ஆண்டு மாதிரியில் வெளிவந்த 'சைட்விண்டர்', புகையின் வேகத்தைக் கொண்டே காற்றை அமுக்கிச் செலுத்தும் டர்போ என்ற கருவியின் துணையால் 200 குதிரைச் சக்தியை ஒட்டி நின்றது. ஸ்கீ-டூ நிறுவனமும் 180 குதிரைச் சக்தியுள்ள டர்போ வண்டியை 2022ஆம் ஆண்டு மாதிரியில் தந்தது. ஏழு குதிரைச் சக்தியில் தொடங்கிய பயணம் எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்!

டர்போவினால் உண்மையான பயனும் உண்டு. மலை உச்சிக்குப் போகப் போகக் காற்று மெலிகிறது. மூவாயிரம் மீட்டர் உயரத்தில் சாதாரண இயந்திரம் தன் வலிமையில் கால் பங்குக்கு மேல் இழந்துவிடும். டர்போ அந்த இழப்பை ஈடு செய்கிறது.

இனி விலைக்கு வருவோம். ஆர்எக்ஸ்-1 வெளிவந்தபோது அதன் விலை பத்தாயிரம் அமெரிக்க டாலருக்குள் இருந்தது. இன்று உயர்வகை நான்கு வீச்சு வண்டிகள் இருபதாயிரம் டாலரைத் தொட்டும் தாண்டியும் நிற்கின்றன. பொது விலைவாசி உயர்வு இதில் ஒரு பகுதியையே விளக்கும். பம்பார்டியேயின் 900 கானடா டாலரை இன்றைய மதிப்புக்கு மாற்றினால் ஒன்பதாயிரத்துக்குச் சற்று மேல் வரும். உயர்வகை வண்டியை வாங்க அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். ஆண்டுக்கு மூன்று நான்கு மாதமே ஓடக்கூடிய ஒரு வண்டிக்கு இது பெருந்தொகை.

விலை ஏன் ஏறுகிறது? இயந்திர நூல் பயின்றவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் காரணங்கள் இவை. வால்வு, வால்வுத் தண்டு, சங்கிலி, எண்ணெய்ப் பம்பு என்று நான்கு வீச்சு இயந்திரத்தில் உறுப்புகள் அதிகம். ஆற்றல் இருநூறை எட்டும்போது சட்டகம், பட்டை, பெல்ட், நிறுத்தும் கருவி யாவும் அதற்கேற்ப வலுப்பெற வேண்டும். வலுவுடன் எடையும் கூடும். கூடிய எடையைக் குறைக்க விலை மிகுந்த உலோகங்களை நாட வேண்டும். மின்னணுத் திரைகளும், தாமே இறுக்கம் மாற்றிக்கொள்ளும் அதிர்வுதாங்கிகளும் வேறு சேர்ந்துகொண்டன.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் எண்ணிக்கை. புதிய இயந்திரம் ஒன்றை வகுத்து, சோதித்து, அரசின் புகைச் சான்று பெறுவதற்கு ஆகும் செலவு, நூறு வண்டி விற்றாலும் லட்சம் வண்டி விற்றாலும் ஏறத்தாழ ஒன்றே. உலகெங்கும் 1997இல் சுமார் 2,60,000 பனிவண்டிகள் விற்றன. 2020களின் தொடக்கத்தில் அது ஒன்றேகால் லட்சத்தை ஒட்டிக் குறைந்தது. அந்தச் செலவு குறைந்த தலைகளின்மேல் விழும்போது ஒவ்வொரு தலைக்கும் பாரம் கூடுகிறது. விலை கூடினால் வாங்குவோர் குறைகிறார்கள்; வாங்குவோர் குறைந்தால் விலை மேலும் கூடுகிறது. செக்குமாடு போன்ற இந்தச் சுற்றிலிருந்து வெளிவருவது எளிதன்று.

இதன் விளைவுகளை நாம் கண்டுவருகிறோம். 1968 முதல் பனிவண்டி செய்துவந்த யமஹா, இத்தொழிலைக் கைவிடுவதாக 2023இல் அறிவித்தது; வட அமெரிக்காவுக்கு 2025ஆம் ஆண்டு மாதிரியே அதன் கடைசி வண்டி. நான்கு வீச்சு இயந்திரத்துக்குப் பெரிதும் தன்னை ஒப்புக்கொடுத்திருந்த நிறுவனம் அது என்பதை எண்ணும்போது, அந்தச் செய்தியின் கனம் புரியும். மின்னசோட்டா மாநிலத்து ஆர்க்டிக் கேட் நிறுவனமும் 2024இன் இறுதியில் உற்பத்தியை நிறுத்தி வைக்கும் நிலைக்கு வந்து, 2025இல் வேறு உரிமையாளர் கைக்கு மாறியது. வானமும் துணை செய்யவில்லை. 2023–24 குளிர்காலம் அமெரிக்கப் பெருநிலத்தில் பதிவாகியுள்ளவற்றுள் மிக வெப்பமான குளிர்காலமாயிற்று. பனி குறைந்தால் வண்டி ஓடாது என்பது மட்டுமன்று. பட்டை வாரியடிக்கும் பனியாலேயே இயந்திரம் குளிர்வதால், மெல்லிய பனியில் ஓட்டினால் அது சூடேறித் துன்புறும்.

பொழுதுபோக்குக்காக ஓட்டுவோர் விலை கூடினால் வேறு விளையாட்டை நாடலாம். வாழ்வுக்காக ஓட்டுவோர் என் செய்வது? வட ஃபின்லாந்தில் செவெட்டியார்வி என்ற பகுதியில் கலைமான் மேய்க்கும் ஸ்கோல்ட் சாமி மக்கள் வாழ்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் பனிவண்டி அங்கே வந்தது. அதன் விளைவுகளை ஆராய்ந்த பெர்ட்டி பெல்டோ என்ற மானிடவியல் அறிஞர் 1973இல் ஒரு நூல் வெளியிட்டார். மேய்ச்சல் விரைவாயிற்று, ஆனால் வண்டிக்கும் பெட்ரோலுக்கும் உதிரி உறுப்புக்கும் ரொக்கப் பணம் வேண்டியதாயிற்று. பணம் புரட்ட முடிந்தவர்கள் மந்தையைக் காத்தார்கள். முடியாத குடும்பங்கள் பல, மந்தைத் தொழிலிலிருந்தே விலகின. கலைமான் சறுக்குவண்டி இழுத்த காலத்தில் உணவும் ஊர்தியும் ஒன்றாக இருந்தது. பிறகு ஊர்தி கடைக்காரரின் கையில் இருந்தது. பனிவண்டியின் விலைச்சீட்டு ஒரு குடும்பத்தின் தொழிலையே தீர்மானிக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி வரப்போவது என்ன? மின்சாரம் என்பார் உளர். மாண்ட்ரீல் நகரத்து டைகா நிறுவனம் மின்கல வண்டிகளை 2022இல் வாங்கியவர்களிடம் ஒப்படைத்தது; 2024இல் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாட வேண்டியதாயிற்று. ஸ்கீ-டூவின் மின்வண்டி ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 50 கிலோமீட்டர் ஓடும். மலையடிவார விடுதிக்கு அது போதும். கலைமானைத் தேடிப் போகிறவனுக்குப் போதாது. கடுங்குளிரில் மின்கலத்தின் வலிமை குன்றும் என்பதும் தெரிந்ததே. இரண்டு வீச்சு இயந்திரமும் சும்மா இருக்கவில்லை. எரிபொருளை உருளைக்குள் நேரே, உரிய நொடியில் பீய்ச்சும் முறையால் அதன் புகை வெகுவாகக் குறைந்துவிட்டது. டர்போவையும் அது பூட்டிக்கொண்டது. எனவே எடை குறைந்த மலைவண்டிகளில் இன்னும் பல ஆண்டுகள் அதுவே முன்னிற்கும் என்று நினைக்கிறேன்.

இருநூறு குதிரைச் சக்தி நான்கு வீச்சு வண்டி அழிந்துவிடாது. செல்வர் சிலருக்காக, சிறு எண்ணிக்கையில், இன்னும் உயர்ந்த விலையில் அது நிலைத்திருக்கும். அதைக் குறை கூறுவதற்கில்லை. உயர்வகை வண்டியில் கற்ற பாடம் எளிய வண்டிக்கும் இறங்கிவருவதுண்டு. ஆயினும் நான்கு வீச்சு இயந்திரத்தின் இயல்பான குணங்கள் எவை? எரிபொருள் சிக்கனம், புகைக் குறைவு, அமைதி, பெரிய பழுதின்றிப் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் உறுதி. இக்குணங்களால் பெரும்பயன் பெறுவோர் மேய்ப்பரும் மீன்பிடிப்போரும் தொலைவூர்ச் செவிலியருமே. அறுபது, தொண்ணூறு குதிரைச் சக்தி அளவில் அத்தகைய வண்டிகள் இன்றும் செய்யப்படுகின்றன. விலையை ஏற்றியதில் பெரும்பங்கு வேகத்தைச் சேர்ந்தது. நான்கு வீச்சின்மேல் மட்டும் பழி போடுவது நேர்மையாகாது.

ஆகவே உற்பத்தியாளர்கள் தம் அறிவில் ஒரு பாதியையேனும் அந்த எளிய வண்டிக்குச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. உறுப்புகளைப் பல மாதிரிகளுக்கும் பொதுவாக்கலாம். திரைகளையும் அலங்காரங்களையும் குறைக்கலாம். ஊர்ப் பட்டறையிலேயே பழுது பார்க்கும்படி அமைக்கலாம். பனி நிறைந்த ஓர் இரவில், நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு புறப்படவேண்டிய வீட்டின் வாசலில் அந்த வண்டி நிற்குமா என்பதைக் கொண்டே இத்தொழிலின் எதிர்காலத்தை நாம் மதிப்பிட வேண்டும்.