விடியற்காலையில் தட்டும் எஞ்சின்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டத்தில் வண்டி எஞ்சினைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், பெயர் வேண்டாம், பிக்கப் வண்டி விடியற்காலையில் கடகடவென்று தட்டுகிறது என்று டிரைவர் ஒரு மாத காலம் சொல்லி வந்தார். வண்டி பட்டறைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. சூடேறிய எஞ்சின் சாதுவாக ஓடியது. "ஒன்றுமில்லை, கொண்டு போ" என்றார்கள். பிறகு ஒரு நாள் பால் ஏற்றி மேட்டில் வரும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. உள்ளே எண்ணெய் வற்றிக் கிடந்தது. செலவை டிரைவர் சம்பளத்தில் பிடிப்பதாகப் பேச்சு எழுந்தது. அவர் முறையிட்டதற்குச் சாட்சி எங்கே? ஆபீஸ் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. எழுதாதவர்கள் கிராணிமார்களாகிய நாங்கள்தாம். இதை ஒளிக்க வேண்டியதில்லை.

குளிரில் மட்டும் ஏன் சத்தம்? இரவெல்லாம் வண்டி நின்றால் எண்ணெய் அடித்தொட்டிக்கு வடிந்துவிடுகிறது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாகவும் இருக்கும். மேலே வால்வுப் பக்கம் ஏறும் வரை இரும்போடு இரும்பு தட்டும். இரண்டொரு விநாடியில் அடங்கினால் பயமில்லை. அரை நிமிடம் நீடித்தால் எண்ணெயின் அளவை உடனே பார்க்க வேண்டும். எண்ணெய் டின்னில் 15W-40 என்று போட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த W என்பது பனிக்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. பனியே காணாத நம் தோட்டத்து ஸ்டோரிலும் அது உட்கார்ந்திருக்கிறது!

பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் சிலிண்டர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் அதிகம் விரியும். ஆகவே தேய்ந்த எஞ்சினில் காலையில் இடைவெளி கூடி மந்தமாக 'தொப் தொப்' என்று அடிக்கும். சில நிமிடத்தில் மறையும். புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கசிவு இருந்தாலும் 'டிக் டிக்' என்று கேட்டு, இரும்பு சூடேறி விரிந்ததும் அடைபட்டுப் போகும். டீசல் வண்டி கடுமையாகத் தட்டி வெள்ளைப் புகை விட்டால், சூடேற்றும் பிளக் கெட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். மழை மாதங்களில் ஈரப் பெல்ட் கீச்சிடுவது வேறு. அது எஞ்சினுக்குள் அல்ல.

இவையெல்லாம் சூட்டில் குறைபவை. சூடேறச் சூடேறக் கூடி, மேடேறும்போது கனத்து இடிக்கும் சத்தம் ஒன்று உண்டு. அது அடியில் பேரிங் தேய்ந்த சத்தம். அதைக் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பால் கெட்டாலும் கெடட்டும்.

பழைய டிரைவர்கள் டீசல் குழாயின் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பார்கள். இன்றைய வண்டிகளில் அதைச் செய்யவே கூடாது. குழாயில் இருக்கும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் போதும். சுழலும் பெல்ட்டுக்கு மட்டும் எட்ட நில்லுங்கள்.

ஆகவே முதல் நாள் மாலையே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் பட்டறைக்காரர் தம் கையால் ஸ்டார்ட் செய்து கேட்கட்டும். வண்டிப் புத்தகத்தில் தேதி, மணி, எண்ணெய் அளவு, சத்தம் எவ்வளவு நேரம் நின்றது, புகையின் நிறம் இவ்வளவும் ஏறட்டும். டிரைவருக்கு எழுத நேரமில்லை என்றால் பெரட்டுக்களத்திலேயே கிராணி எழுதிக் கொடுக்கலாம்.

சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதைத் தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வரையறுக்கிறது. நினைத்ததையெல்லாம் பிடிக்க முடியாது. அந்தப் பிரிவைக் காட்டித்தான் சங்கம் பேசியது. ஆனால் டிரைவர் மேல் விழுந்த பழியைத் துடைத்தது ஸ்டோர் புத்தகம். அவர் கேட்டும் ஏழு மாதமாக அந்த வண்டிக்கு ஒரு டின் எண்ணெய்கூடக் கொடுத்ததாக அதில் பதிவில்லை. பிடித்தம் கைவிடப்பட்டது.