சாவி இல்லாமல் விண்டோஸ்: புந்தோங் வீட்டுக் கணினிக்கு எது வழி?

புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் வீட்டின் பின்கட்டில் கடலை வறுத்தும் முறுக்குப் பிழிந்தும் நாடு முழுவதும் பெயர் வாங்கிய ஊர் அது. அந்த வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினி. சரக்கு வாங்கும் கடைக்காரர்களின் பாக்கிக் கணக்கை அம்மா அதில்தான் எழுதி வைக்கிறார். ஆறாம் படிவத்தில் படிக்கும் மகளின் பாட வேலையும் அதில்தான். ஒரு நாள் காலையில் கணினி நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

கடைக்குக் கொண்டுபோனால் இப்படித்தான் பேச்சு நடக்கும்.

"ஹார்ட் டிஸ்க் போச்சுக்கா. புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தணும். ஒரிஜினலா, சாதாவா?"

"என்ன தம்பி வித்தியாசம்?"

"ஒரிஜினல்னா பல நூறு வெள்ளி ஆகும். சாதான்னா ஐம்பது வெள்ளியில முடிச்சுக் கொடுத்திடுறேன்."

அம்மா எதைச் சொல்வார் என்று யாரும் ஊகித்துவிடலாம். ஆனால் பல நூறு வெள்ளியும் வேண்டாம், 'சாதா'வும் வேண்டாம் என்னும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் அதைச் சொல்வதில்லை. அந்த வழியைப் புரிந்துகொள்ள, முதலில் இந்தச் சாவி என்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

'புரோடக்ட் கீ' என்பது 25 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரிசை. ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். இன்னும் உற்றுப் பார்த்தால் அதில் ஆங்கில உயிரெழுத்துகள் இருக்காது. பூஜ்யமும் ஓ எழுத்தும் குழம்பிவிடக் கூடாது அல்லவா! 2001-ஆம் ஆண்டுக்கு முன்பு அந்த வரிசையைச் சரியாகத் தட்டினால் போதும். ஒரே சாவியால் ஒரு தாமானில் உள்ள எல்லாக் கணினிகளையும் திறந்துவிடலாம். 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் 'ஆக்டிவேஷன்' என்ற இரண்டாவது பூட்டு வீட்டுக் கணினிகளுக்கு வந்தது. சாவியைத் தட்டிய பிறகு, 30 நாளுக்குள் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ மைக்ரோசாப்டிடம் பதிய வேண்டும். இந்தச் சாவி இந்தக் கணினிக்குத்தான் என்று அங்கே எழுதிக்கொள்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு முன்பே அதன் சாவி ஒன்று வெளியே கசிந்துவிட்டது. அது பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்கும் மொத்த உரிமச் சாவி. அதற்கு ஆக்டிவேஷன் தேவையில்லை. உலகம் முழுவதும் திருட்டு வட்டுகளின் உறைமேல் அந்த ஒரே வரிசை கையால் எழுதப்பட்டு விற்பனையானது. நம் நாட்டுப் பசார் மாலாம்களில் அந்தக் காலத்தில் வட்டு வாங்கியவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக் அந்தச் சாவியை ஏற்க மறுத்தது. அதற்குள் ஒரு தலைமுறையே விண்டோஸில் பழகிவிட்டது. இதில் மைக்ரோசாப்டுக்கு முழு நட்டம் என்று சொல்லிவிட முடியாது. சீனாவில் நடக்கும் திருட்டைப் பற்றி 1998-இல் பேசிய பில் கேட்ஸ், எப்படியும் திருடுவார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பிற்பாடு காசு வாங்க வழி கண்டுபிடித்துக்கொள்வோம் என்ற பொருளில்தான் பேசினார்.

2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-இல் நிலைமை தலைகீழாக மாறியது. மைக்ரோசாப்டின் தளத்திலிருந்தே விண்டோஸை இலவசமாக இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். நிறுவும்போது சாவி கேட்கும் இடத்திலேயே, 'என்னிடம் சாவி இல்லை' என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் வேலை தொடரும். இது ஓட்டையும் அல்ல, தந்திரமும் அல்ல. அவர்களே வைத்த கதவு. விண்டோஸ் 11-இலும் அது உண்டு. உரிமம் பதியாவிட்டால் திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் செய்க' என்ற எழுத்து மங்கலாக நிற்கும். திரைப் படத்தையும் நிறத்தையும் அமைப்புப் பகுதியில் மாற்ற முடியாது. மற்றபடி கணக்கும் எழுதலாம், கட்டுரையும் தட்டலாம், பாதுகாப்பு அப்டேட்டும் வரும். அதற்காக உரிமம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கதவு திறந்திருக்கிறது, வீடு இன்னும் பெயருக்கு எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

இப்போது மூன்றாவது வழிக்கு வருவோம். விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு, விண்டோஸுடன் விற்கப்பட்ட பெரிய நிறுவனங்களின் மடிக்கணினிகளில் சாவியைத் தாய்ப் பலகைச் சிப்பிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அதனால்தான் அடியில் ஒட்டிய பழைய சாவி ஸ்டிக்கர் காணாமல் போனது. ஹார்ட் டிஸ்க் செத்தாலும் பலகை உயிரோடு இருந்தால் சாவியும் உயிரோடு இருக்கிறது. அதே விண்டோஸை மீண்டும் ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானாகப் பதிந்துகொள்ளும். ஒரு வெள்ளிகூட உரிமத்துக்குத் தர வேண்டியதில்லை. அந்த அம்மா கணினி வாங்கிய அன்றே விண்டோஸுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார்.

பிறகு ஏன் கடையில் 'சாதா' கேட்கிறார்கள்? இங்கேதான் கவனம் வேண்டும். வீட்டு மடிக்கணினிகளில் பெரும்பாலும் வருவது 'ஹோம்' பதிப்பு. பல கடைகளில் எல்லாக் கணினிக்கும் ஒரே பென் டிரைவ். அதில் இருப்பது 'புரோ'. ஹோம் சாவி புரோ பதிப்பைத் திறக்காது. மூலையில் அந்த மங்கல் எழுத்து வந்து நிற்கும். அதை மறைக்கக் கள்ள ஆக்டிவேட்டர் ஒன்றைப் போடுவார்கள். சொந்த வீட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பூட்டை உடைத்து உள்ளே போகும் கதைதான் இது. எனவே கணினியைக் கொடுக்கும்போதே, "முன்னே இருந்தது ஹோம்; அதே ஹோமைப் போடுங்க, ஆக்டிவேட்டர் எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். தாய்ப் பலகையையே மாற்றினால் மட்டும் இந்தச் சலுகை போய்விடும்.

அந்த ஆக்டிவேட்டர்தான் பெரிய ஆபத்து. நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளைப் பதிய கேஎம்எஸ் என்று ஒரு முறை உண்டு. கள்ள மென்பொருள் அந்த சர்வரைப் போல நடித்து விண்டோஸை ஏமாற்றுகிறது. அதைப் போடும்போது முதலில் வரும் கட்டளையே, வைரஸ் தடுப்பை நிறுத்து என்பதுதான். காவல்காரனை அனுப்பிவிட்டு யாரை உள்ளே விடுகிறோம் என்று எப்படித் தெரியும்? கேஎம்எஸ் பெயரில் உலாவிய ஒரு போலி நிறுவி, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பைகளையும் திருடும் கிரிப்ட்பாட் என்ற மென்பொருளைச் சேர்த்து ஏற்றியதை 2021-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தப் புந்தோங் கணினியில் இணைய வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது என்பதை மறக்க வேண்டாம். இணையக் கடைகளில் இருபது வெள்ளிக்கு விற்கும் சாவிகளும் நம்பத் தகுந்தவை அல்ல. பெரும்பாலும் அவை எங்கோ ஒரு நிறுவனத்தின் மொத்தச் சாவிகள். முடக்கினால் கேட்க ஆள் இல்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி, சொந்த, வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல் கள்ளப் பிரதி வைத்திருப்பது குற்றம். ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. பாக்கிக் கணக்கு எழுதும் கணினியை வீட்டு உபயோகம் என்று சாதிப்பது கடினம்.

2012-க்கு முந்திய பழைய கணினியாக இருந்தால்? அதில் விண்டோஸ் 10 ஓடினாலும், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும். பழைய பலகையில் அது இருக்காது. அப்படிப்பட்ட கணினிக்கு உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸே போதும். அதற்குச் சாவி என்ற பேச்சே கிடையாது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லினக்ஸில் தமிழ் எழுத்துரு, தமிழ்த் தட்டச்சு இரண்டும் உண்டு. பாக்கிக் கணக்குக்கு லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. பிரிண்டர் மட்டும் சில நேரம் முரண்டு பிடிக்கும். ஏற்றுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே இயக்கி, ஒரு தாளை அச்சடித்துப் பார்த்துவிடலாம்.