நல்ல பால் தேடி ஊர் ஊராக...

(நம் சங்கத்தின் மறுசந்திப்பு விழாவின் இரண்டாம் நாள், நார்த்தாமலை அடிவாரத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய பெரிய விஷயங்களைத் தொட்டுப் பேசினார்கள். ஒருவர் கல்வெட்டு பற்றிச் சொன்னார். ஒருவர் வேலைவாய்ப்பு பற்றிச் சொன்னார். எனக்குச் செயலாளர் கொடுத்திருக்கும் தலைப்பு மில்க் ஷேக்! "அண்ணே, நீங்க ஊர் ஊராப் போய் குடிச்சீங்களே, அதைச் சொல்லுங்க, பசங்க கேக்கட்டும்" என்றார். காலையில் விஜயாலய சோழீச்சரம் வரை ஏறி இறங்கி, நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிற உங்களிடம் இந்தத் தலைப்பில் பேசுவது கொஞ்சம் பாவம்தான். பொறுத்துக் கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாத தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நான் இந்தப் பகுதிக்காரன். நம் கல்லூரியில் 1978 முதல் 1981 வரை பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். பிறகு இருபத்தேழு வருடம் மெடிக்கல் ரெப் வேலை. திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை என்று தோல் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை. டாக்டரைப் பார்க்க ராத்திரி ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டும். மற்ற ரெப்புகள் டீக்கடையில் நிற்பார்கள். எனக்கு டீ ஒத்துக்கொள்ளாது. ஆகவே குளிர்ந்த பால் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். பையில் ஒரு சின்ன நோட்டு. அதில் நான்கு கட்டம்: பால் எப்படி, குளிர்ச்சி எப்படி, இனிப்பு எப்படி, டம்ளர் சுத்தமா. நான்கிலும் தேறினால்தான் கடையின் பெயருக்குப் பக்கத்தில் டிக் விழும்.

மில்க் ஷேக் என்பது அமெரிக்காவில் பிறந்த பெயர். 1880-களில் அந்தப் பெயரில் அவர்கள் குடித்தது முட்டையும் விஸ்கியும் கலந்த பானம். நம் அம்மாக்கள் கேட்டால் கையில் விளக்குமாறு எடுப்பார்கள். அதே காலத்தில் ஹார்லிக் சகோதரர்கள் மால்ட் கலந்த பால் பொடியைக் கொண்டு வந்தார்கள். அதுதான் நம் வீட்டுக்குக் காய்ச்சல் நேரத்தில் வந்து சேர்ந்த ஹார்லிக்ஸ். 1922-ல் ஸ்டீவன் பாப்லாவ்ஸ்கி என்பவர் பாத்திரத்தின் அடியில் கத்தி சுழலும் இயந்திரத்தைச் செய்தார். நம் மிக்ஸிக்கு அவர் ஒரு தாத்தா. அதே 1922-ல் சிகாகோ நகரில் ஒரு மருந்துக் கடைச் சிப்பந்தி மால்ட் பாலில் ஐஸ்கிரீமைப் போட்டுக் கலக்கினார். மருந்துக் கடையில்தான் இது வளர்ந்தது என்று படித்தபோது, மெடிக்கல் ரெப்பான எனக்கு ஒரு சந்தோஷம். தொழில் தர்மம் மீறவில்லை பாருங்கள்!

இனி நம் பக்கம் வருவோம். நார்த்தாமலைக்காரனுக்குப் பட்டணம் என்றால் திருச்சிதான். மெயின் கார்டு கேட் பக்கம் மைக்கேல் ஐஸ்கிரீம் கடை. காலேஜ் நாட்களில் பஸ்சுக்கு வைத்திருந்த காசில் பாதியை அங்கே தொலைக்காதவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, என் செட்டில் ஒரு கைகூடத் தூக்கவில்லை. அதற்கப்புறம் மிக்ஸி மலிந்தது. பழக்கடைக்குப் பழக்கடை சப்போட்டா ஷேக், ஆப்பிள் ஷேக் என்று போர்டு தொங்கியது.

மதுரைக்குப் போனால் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. ஜிகர் என்றால் ஈரல், நெஞ்சு என்றும் சொல்லலாம். தண்டா என்றால் குளிர்ச்சி. உள்ளே குளிர வைக்கிற பானம் என்று பெயரிலேயே இருக்கிறது. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி அல்லது ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். இதில் மிக்ஸிக்கு வேலையே இல்லை. கரண்டியும் கைப்பழக்கமும்தான். பிற்பாடு 2014-ல் அந்தப் பெயரிலேயே சினிமாவும் வந்துவிட்டது.

சென்னைக்கு மீட்டிங் போனால் மயிலாப்பூர். அங்கே மாட வீதியில் காளத்தி கடை. பத்திரிகை விற்கிற கடை, ஆனால் கூட்டம் ரோஸ்மில்க்குக்கு! ஒரு கையில் பேப்பர், ஒரு கையில் ரோஸ்மில்க் என்று பெரியவர்கள் நிற்பார்கள். கோழிக்கோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஷார்ஜா ஷேக் குடித்தேன். பாலைக் கல் மாதிரி உறைய வைத்து, உடைத்து, சின்ன வாழைப்பழத்தோடு அடிக்கிறார்கள். பெயர்தான் ஷார்ஜா, ஊர் கோழிக்கோடு. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர் அல்லவா!

"இதிலே எதுண்ணே பெஸ்ட்டு?" என்று என் பின்னால் ஒரு தம்பி கேட்கிறார். சொல்கிறேன். அதற்கு முன் வேதியியல் படித்த பாவத்துக்குக் கொஞ்சம் பாடம் எடுக்கிறேன். என் பேராசிரியர் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முதலாவது, குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். ஆறின பிறகு குடித்துப் பாருங்கள், அதே ஷேக் தித்திப்பாகத் திகட்டும். அதனால்தான் குளிர்பானத்தில் நமக்குத் தெரியாமலே சர்க்கரை ஏறிவிடுகிறது. எனக்கு இன்று சுகர் இருக்கிறது. டாக்டர் இரண்டு வாய்க்கு மேல் கூடாது என்கிறார்.

இரண்டாவது, நன்றாகக் குளிர்ந்த பால் நன்றாக நுரை கட்டும். வெதுவெதுப்பான பாலில் நுரை அவ்வளவாக நிற்காது. மூன்றாவது, ஐஸ் போட்டால் அது உருகும், உருகினால் பாலில் தண்ணீர். கோழிக்கோட்டுக்காரர் பாலையே உறைய வைத்ததில் உள்ள புத்திசாலித்தனம் இதுதான். அங்கே உருகுவதும் பால்தான். நான்காவது, பச்சை அன்னாசிப் பழத்தைப் பாலோடு அரைத்து வைத்தால் சிறிது நேரத்தில் கசக்கும். பழத்தில் உள்ள நொதி பாலின் புரதத்தை வெட்டிவிடும். பழத்தைக் கொதிக்க வைத்துச் சேர்த்தால் கசப்பு வராது. எலுமிச்சை கலந்த சர்பத்தைப் பாலில் ஊற்றினால் என்ன ஆகும் என்று முதலாண்டு மாணவர்கூடச் சொல்வார். திரிந்து போகும்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நோட்டில் நிறையக் கடை இருக்கிறது. டிக் விழுந்த கடைகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. பழம் வேறு, எசன்ஸ் வேறு, டம்ளர் வேறு. ஆனால் கடைக்காரர் பாலில் கை வைக்கவில்லை. நான் ஏறி இறங்கிய ஒரு நகரத்தில் (ஊர் பெயர் வேண்டாம்) ஒரு கடை ஷேக் கெட்டியாக இருந்தது. கரண்டி நின்றது. மூன்றாவது தடவைதான் பின்பக்கம் பார்த்தேன். மாவுக் கஞ்சி காய்ச்சி ஊற்றிக் கொண்டிருந்தார்கள். பால் வாசனை வராததன் ரகசியம் அப்போது புரிந்தது.

எனக்குப் பால் தெரியும், ஏனென்றால் நான் பாலில் படித்தவன். எங்க அம்மா இரண்டு எருமை வைத்திருந்தார்கள். விடியற்காலை கறந்து, சைக்கிளில் கேன் கட்டி அனுப்பி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிற பணத்தில்தான் என் கல்லூரிச் சம்பளம் கட்டினார்கள். வீட்டில் எங்களுக்கு மோர்தான். பால் முழுக்க வெளியே போய்விடும். இந்த மேடையில் இருப்பவர்களில் பலர் வீட்டுக் கதையும் இதுவே என்று எனக்குத் தெரியும்.

போன தை மாதம் ஊருக்கு வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. என் அண்ணன் கடைசிப் பசுவையும் விற்றுவிட்டார். மதினியிடம் கேட்டேன். "தீவனம் விக்கிற விலையிலே கட்டுப்படி ஆகலே தம்பி. மேய்க்கப் போனா புல்லு எங்கே இருக்கு, எல்லாம் தைல மரம். பிள்ளைகளும் வெளியூர்லே. யாருக்காக நான் சாணி அள்ளுறது?" என்றார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். 2022 நவம்பரில் தமிழக அரசு கூட்டுறவுச் சங்கங்கள் வாங்கும் பசும்பாலின் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்த்தியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தது. ஆக 38 ரூபாய் என்று வையுங்கள். ஒரு மில்க் ஷேக்கில் 200 மில்லி பால். மாடு வளர்த்தவருக்கு 7 ரூபாய் 60 காசு. நகரத்தில் நாம் அந்த டம்ளருக்கு 80 ரூபாய் கொடுக்கிறோம். பத்தில் ஒரு பங்குகூடப் பாலுக்குப் போகவில்லை.

கடைக்காரரை நான் குறை சொல்ல வரவில்லை. அவருக்கு வாடகை, கரண்ட், பழம், ஆள் கூலி எல்லாம் இருக்கிறது. நான் கேட்பது வேறு. என்னைப் போல நல்ல பால் எங்கே, நல்ல பால் எங்கே என்று கடை கடையாக அலைகிறோமே, கறக்கிற இடத்தில் கொட்டகை காலியானால் அந்தத் தேடலுக்கு என்ன அர்த்தம்? நாளைக்கு எசன்ஸும் மாவுக் கஞ்சியும்தான் மிஞ்சும்.

குளிர்ச்சி தேடுவது இந்த மலைக்குப் புதிதல்ல. இங்கே மேலே ஒரு சுனை இருக்கிறது, தலையருவிச் சிங்கம் சுனை. அதன் தண்ணீருக்குள்ளே குடைவரையில் ஜுரஹரேஸ்வரர் என்ற லிங்கம் இருக்கிறது. காய்ச்சலைத் தணிக்கும் சாமி. 1857-ல் சுனை நீரை இறைத்துவிட்டுப் புதுக்கோட்டை ராணியார் வந்து வழிபட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. கீழே முத்துமாரியம்மன். பங்குனி வெயிலில் தேர் பார்க்க வருகிற ஜனங்களுக்கு வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் கொடுத்த ஊர் இது. இன்று நாமே இந்த விழாவுக்கு என்ன வாங்கி வந்தோம்? அதோ, பிளாஸ்டிக் பாட்டில் பெட்டிகள் அடுக்கியிருக்கிறது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மறுசந்திப்பில் பாட்டில் வேண்டாம். நன்னாரிப் பால் கொடுப்போம். நன்னாரி நம் புதர்க்காட்டில் வளர்கிற கொடிதான். பாலைக் காய்ச்சி, முக்கால் பங்காகச் சுண்ட வைத்து, நன்றாகக் குளிர வைத்து, எலுமிச்சை சேராத நன்னாரிப் பாகை ஊற்ற வேண்டியதுதான். பாலில் பாதியை உறைய வைத்து உடைத்துப் போட்டால் ஐஸும் வேண்டாம். சர்க்கரையைக் குறைத்துப் போடுங்கள், என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம். எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். முந்நூறு பேர் என்று வைப்போம். ஆளுக்கு 200 மில்லி பால் வீதம் 60 லிட்டர். இந்தச் சுற்று வட்டாரத்தில் இன்னும் மாடு வைத்திருக்கிற வீடுகளில் லிட்டர் 60 ரூபாய்க்கு நேரடியாக வாங்குவோம். பாலுக்கு மட்டும் 3,600 ரூபாய். பாகு, அடுப்பு, குளிர்பெட்டி வாடகை எல்லாம் சேர்த்து டம்ளருக்கு இன்னொரு 13 ரூபாய், அதாவது 3,900. மொத்தம் 7,500 ரூபாய். டம்ளர் 25 ரூபாய்தான் ஆகிறது. முதல் வருடச் செலவை என் செட்டுக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறோம். என்னப்பா, சரிதானே? கை தட்டுகிறார்கள், எழுதிக்கொள்ளுங்கள் செயலாளரே.

செய்ய வேண்டியது மாணவர்கள். வேதியியல் மாணவர்கள் பாலைச் சோதிக்கட்டும். வணிகவியல் மாணவர்கள் கணக்கு எழுதட்டும். தாவரவியல் மாணவர்கள் நன்னாரியை வேரோடு பிடுங்கித் தீர்த்துவிடாமல் வளர்க்க வழி பார்க்கட்டும். அது கைகூடினால், மலை பார்க்க வருகிறவர்களுக்கு இந்த அடிவாரத்தில் உள்ளூர்ப் பெண்கள் குழு ஒன்று தொடர்ந்து நடத்தலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, முறையாக நடத்த வேண்டும். ஒரு கடையால் மாட்டுக் கொட்டகை எல்லாம் நிறைந்துவிடாது, எனக்கும் தெரியும். ஆனால் ஐந்து வீட்டில் மாடு நின்றால் ஐந்து வீடுதானே. அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று நம் கல்லூரிக்கு வந்து உட்காருமே, அது போதாதா?

தம்பி, உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று பார்க்கிறீர்கள். நோட்டில் கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் இங்கே நீங்கள் கொடுக்கிற டம்ளரை இரண்டு வாய் குடித்துவிட்டு எழுதுகிறேன். பாலிலே தண்ணீர் இருந்தால் டிக் விழாது, இப்போதே சொல்லிவிட்டேன்!