முதுகில் ஒரு பை, கையில் ஒரு கமரா

(சங்க ஆண்டு விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் ஏறுவோர் சமயத்தைப் பற்றியோ, தமிழைப் பற்றியோ, இளைஞரின் கடமையைப் பற்றியோ பேசுவது வழக்கம். எனக்கோ ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் அண்ணன் கட்டளையிட்டார். நான் இத்தீவை விட்டு ஓரடியேனும் வெளியே வைத்தவனல்லன். கடவுச்சீட்டும் என்னிடம் இல்லை. வந்தாறுமூலைக்கும் கல்லடிக்கும் இடையே பஸ்ஸில் போய் வருவதே என் பிரயாணம். ஆயினும் கமரா ஒன்றைத் தோளிலே மாட்டிக்கொண்டு வாவிக்கரையெல்லாம் அலைகிறவன் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். அந்தக் குற்றத்துக்கே இந்தத் தண்டனை என எண்ணுகிறேன்.

நான் கற்றது மிஷன் பாடசாலையில். அங்கே எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ஆசிரியர், விபுலாநந்த அடிகளும் மிஷன் பாடசாலைகளிலே படித்துத்தான் இமயமலையிலுள்ள மாயாவதி வரை சென்று 'பிரபுத்த பாரத' ஆசிரியராக இருந்தார் என்று அடிக்கடி சொல்வார். ஒரு நாள் அவர் நூலக அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் தந்தார். அதன் பெயர் 'உலகம் சுற்றும் தமிழன்'. எழுதியவர் ஏ. கே. செட்டியார். என் வயதுடைய எத்தனை பேர் அப்பெயரைக் கேட்டிருப்பீர்களோ அறியேன். நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அவர் 1911ஆம் ஆண்டு செட்டிநாட்டுக் கோட்டையூரிற் பிறந்தவர். இளம் பிராயத்திலேயே பர்மாவுக்குப் போய் இரங்கூனில் 'தனவணிகன்' என்ற பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தார். அவ்வூர்ப் பிள்ளைகள் கப்பலேறுவதெல்லாம் கொடுக்கல் வாங்கலுக்காகவே என்றிருந்த காலம் அது. இவரோ புகைப்படக் கலை கற்பதற்கென்று ஜப்பானுக்குக் கப்பலேறினார். வீட்டிலே என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்துச் சிரித்ததுண்டு. கமராவுக்குக் காசு கேட்டபோது என் வீட்டில் சொன்னதைத்தான் அங்கும் சொல்லியிருப்பார்கள்! தோக்கியோவிற் பயின்றபின் அமெரிக்கா சென்று நியூயோர்க்கிலும் அக்கலையைக் கற்றார்.

1937ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி, நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் அவர் இருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். காந்தியடிகளின் வாழ்க்கையை ஒரு செய்திப்படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கப்பலில்தான் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு இருபத்தாறாவது வயது நடந்துகொண்டிருந்தது. கையிலே பெரும் பணமில்லை. பின்னால் பெரிய நிறுவனமுமில்லை. உலகத்தில் எங்கெங்கே யார் யார் காந்தியடிகளைப் படம் பிடித்திருந்தார்களோ அங்கெல்லாம் தேடிச் சென்று, மூன்றாண்டு காலத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் பிரயாணம் செய்து, 50,000 அடி படச்சுருளைத் திரட்டினார் என்பர். அதிலிருந்து 12,000 அடியைத் தெரிந்தெடுத்துத் தொகுத்தார். ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும் கணக்கில் அது இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறையும். அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1940 ஆகஸ்ட் மாதம், வெள்ளையர் ஆட்சி நடந்துகொண்டிருந்த சென்னையிலே, தமிழ் விளக்கவுரையோடு அப்படம் திரையிடப்பட்டது.

பின்னர் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இவ்வளவு பாடுபட்டு எடுத்த அந்தத் தமிழ்ப் படத்தின் முழுப் பிரதி இன்று கிடைக்கவில்லை. 1953இல் அமெரிக்காவில் வெளியான ஆங்கிலப் பதிப்பே வெகுகாலத்துக்குப் பின் அந்நாட்டிலே கண்டெடுக்கப்பட்டது. அந்தப் படத்தை எடுத்த கதையை அவர் எழுதிவைத்தாரே, அது மாத்திரம் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று நூலாக நம் கைக்கு வந்திருக்கிறது. 1943 தொடக்கம் அவர் நடத்திய 'குமரி மலர்' இதழிலும் பழைய எழுத்துக்களைத் தேடித் தேடி அச்சிட்டார். பிறர் எழுதி மறந்துபோன பயணக் கட்டுரைகளையும் திரட்டி நூலாக்கினார். தம்மைப் பற்றி எழுதியதோ மிகக் குறைவு. இக்காலத்தில் நாம் எடுக்கும் படங்களில் முக்காற்பங்கு நம் சொந்த முகமாயிருப்பதை எண்ணும்போது எனக்கு வெட்கம் வருகிறது.

நிற்க.

ஆசியாவைச் சுற்றும் இளைஞர் நம் ஊருக்குப் புதியவரல்லர். 1960களிலும் 70களிலும் மேனாட்டு இளைஞர் கூட்டம் கூட்டமாக இஸ்தான்புல்லிலிருந்து தெஹ்ரான், காபூல் வழியாகத் தில்லிக்கும் காத்மண்டுவுக்கும் தரைமார்க்கமாக வந்தனர். சிலர் தெற்கே இறங்கி நம் தீவையும் எட்டினர். 1979இல் ஈரானிலே புரட்சியும் ஆப்கானிஸ்தானத்திலே சோவியத் படையெடுப்பும் நிகழ, அந்தப் பாதை அடைபட்டது. நம் பக்கத்திலோ 1983க்குப் பின் நிலைமை என்னவாயிற்று என்பதைப் பெரியோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009க்குப் பிறகுதான் முதுகுப் பையுடன் வரும் இளைஞரை மறுபடி பாசிக்குடாவிலும் கல்லடியிலும் காண்கிறோம்.

அப்படி வந்த ஒருவரைச் சென்ற ஆண்டு, ஒரு பௌர்ணமி இரவில், கல்லடிப் பழைய பாலத்தில் சந்தித்தேன். 1924இல் திறந்த பாலம் அது. 2013இல் புதுப்பாலம் வந்தபின் பழையது நம்மைப் போன்றோர் காற்று வாங்க உதவுகிறது. அவர் தென்கொரியாக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். மீன் பாடுவதைக் கேட்க வந்திருந்தார். மீன் பாடவில்லை. எமர்சன் தெனன்ட் துரைக்குப் பாடிய மீன் எங்களுக்கு ஏன் பாடவில்லையென்று பேசியபடியே நண்பர்களானோம்.

எட்டு மாதம் ஆசியாவைச் சுற்றியவர் அவர். எடுத்த படங்களைக் காட்டினார். பர்மாவின் இன்லே ஏரியில் ஒற்றைக் காலால் துடுப்பை வலித்து வள்ளம் விடும் மீனவர். கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியில் மிதக்கும் வீட்டு வாசலில் தலை சீவும் சிறுமி. காஷ்மீரத்துத் தால் ஏரியில் பூ விற்கும் படகுக்காரர். எல்லாம் நீரை நம்பி வாழும் மக்கள். நம் வாவிக்கரை மக்களுக்குச் சகோதரர் போலவே இருந்தார்கள். நான் ஒவ்வொரு படத்துக்கும், "இவர் பெயர் என்ன?" என்று கேட்டேன். முதலிரண்டு தடவை சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. அவரைக் குற்றஞ் சொல்லும் உரிமை எனக்கில்லை. என் படங்களிலுள்ள தோணிக்காரர் பலரின் பெயர் எனக்கும் தெரியாது.

மறுநாள் அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துச் சென்றேன். இறால் கறியின் உறைப்பில் கண்ணீர் வடித்துக்கொண்டே இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். சாப்பிட்டபின் அம்மம்மாவைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். நான் கேட்டுச் சொன்னேன். அம்மம்மா முந்தானையைச் சரிசெய்தார். பிறகு கையை நீட்டி மறித்துவிட்டார்.

"மனே, படம் எடுத்தா அதத் தருவானா எண்டு ஒருக்காக் கேள். சூறாவளிக்கு முந்தின வருசம் ரெண்டு வெள்ளைக்காரப் பொடியன்மார் வந்தாங்க. உங்கட அம்மப்பாவ வீச்சுவலையோட கரையில நிப்பாட்டிப் படம் புடிச்சாங்க. அனுப்புறம் எண்டு விலாசமும் எழுதி எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஒண்டும் வரல்ல."

சூறாவளி 1978இல் வந்தது. அப்படியானால் அது 1977. இந்தக் கதையை அம்மம்மா அதற்குமுன் என்னிடம் சொன்னதேயில்லை. எங்கள் வீடு அப்போது நாவலடியில் இருந்தது. 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து வீட்டையும், கலியாணப் படத்தையும், அம்மப்பாவையும் ஒரே காலையில் கொண்டுபோயிற்று. அம்மப்பாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. நான் அப்போது கைக்குழந்தை. அவர் முகத்தை நான் அறியேன். என் மூக்கு அவருடையது என்று மாமிமார் சொல்வதே எனக்குள்ள அடையாளம். ஆனால் ஐரோப்பாவிலோ வேறெங்கோ, யாரோ ஒரு கிழவரின் வீட்டுப் பரணிலே, வீச்சுவலையைத் தோளில் போட்டபடி அவர் நின்றுகொண்டிருக்கக்கூடும். படத்தின் பின்னால் பெயர் எழுதியிருக்குமா? எழுதியிராவிட்டால் அது "இலங்கை மீனவன்" என்று மட்டுமே கிடக்கும்.

இதை நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னபோது என் குரல் சற்றுத் தடுமாறியது. கொரிய நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மம்மாவைப் படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் மத்தியானம் கொழும்பு பஸ்ஸுக்குப் போகுமுன், நகரத்து ஸ்ரூடியோவிலே அச்சிட்ட படத்தோடு வெயிலில் நடந்தே வந்தார். பின்புறத்தில் தம் மொழியில் ஏதோ எழுதியிருந்தார். அதன்கீழே அம்மம்மாவின் பெயரையும் ஊரையும் திகதியையும் என்னைத் தமிழில் எழுதச் சொன்னார். அம்மம்மா படத்தைப் பார்த்து, தான் இவ்வளவு கறுப்பில்லை என்று முறையிட்டார். பிறகு அதைப் பொலித்தீனில் சுற்றி, சுவாமிப் படங்களுக்கும் மேலே, வீட்டிலேயே உயர்ந்த தட்டில் வைத்தார். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நானும் நண்பர் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாவிக்கரை ஊர்களுக்குச் சென்று, வீடுகளிலுள்ள பழைய படங்களைப் பிரதியெடுத்து, பெயர் விபரங்களை ஒரு கொப்பியில் எழுதி வருகிறோம். இதுவரை நாற்பத்தொரு வீடுகள். சிலர் எங்களைக் காப்புறுதி முகவரென்று நினைத்து விரட்டியதுமுண்டு. யுத்த காலத்திலே காணாமற்போன மகனின் படத்தை ஒரு தாயார் கையை விட்டுக் கொடுக்கமாட்டேன் என்றார். அவர் பிடித்திருந்தபடியே எடுத்தேன். அந்தப் பிரதியின் ஓரத்தில் அவருடைய பெருவிரலும் விழுந்திருக்கிறது. அதை வெட்டிவிடலாம் என்று நண்பன் சொன்னான். நான் சம்மதிக்கவில்லை.

பெரியோர்களே, உங்கள் பெட்டகங்களில் கிடக்கும் படங்களைச் சங்க மண்டபத்துக்குக் கொண்டுவந்தால் அந்த இடத்திலேயே பிரதி எடுத்துக் கையோடு தந்துவிடுவோம். ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டோம். படத்திலுள்ளவரின் பெயரை இன்றிரவே பின்புறத்தில் எழுதிவையுங்கள். பென்சிலால், மெதுவாக அழுத்தி எழுதுங்கள். பேனா மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.