ஆடுகளத்திலிருந்து அறங்கூறவையத்துக்கு
(சிலமலையில் நம் சங்கத்தார் கூட்டிய மாணவர் பரிசளிப்புக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பந்தின் பின்னே ஓடும் பையன் படிப்பில் தேறான் என்று நம்மிற் பலர் கருதுகின்றோம். யானும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதினேன். அதனால் விளைந்த தீங்கை இறுதியிற் கூறுவேன். இப்பொழுது, கடல் கடந்த நாட்டில் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றைக் கேளுங்கள்.

பைரன் ஒயிட் என்பவர் அமெரிக்காவிலே, கொலராடோ மாகாணத்தில், 1917-ஆம் ஆண்டு பிறந்தார். வளர்ந்தது வெலிங்டன் என்னும் சிற்றூர். சர்க்கரை காய்ச்சும் ஒருவகைக் கிழங்கு விளையும் பூமி. பெற்றோர் உயர்கல்வி கற்றவரல்லர். இளமையிலேயே அவரும் தமையனாரும் கிழங்கு வயல்களிற் கூலிக்கு உழைத்தனர். பெற்றோருடன் ஏலத்தோட்டத்துக்கு மலையேறிச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இந்நிலை புதியதன்று. பள்ளியில் முதல்வராகத் தேறியமையால் உபகாரச் சம்பளம் பெற்று அவர் பல்கலைக்கழகம் புகுந்தார்.

அங்கே அவர் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. பெயர் கால்பந்தாயினும், பந்தைக் கையில் ஏந்தி, எதிரிகளை ஊடுருவி ஓடும் ஆட்டம் அது. 1937-இல் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவரானார். 1938-இல் பிட்ஸ்பர்க் அணி 15,800 டாலர் ஊதியம் தந்தது. அவ்வாண்டு பந்துடன் மிகுதொலைவு ஓடியவர் அவரே. ஆயினும், பொருளும் புகழும் கைக்கு வந்த அந்நிலையிலேயே, ரோட்ஸ் உபகாரச் சம்பளத்தைப் பற்றிக்கொண்டு 1939-இல் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கச் சென்றார். போர் மூண்டதும் தாயகம் திரும்பி, யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் டெட்ராய்ட் அணிக்கும் ஆடினார். ஆட்டம் படிப்பைக் கெடுக்கவில்லை என்பதை நோக்குமின்.

பின்னர்ப் போர் அவரையும் அழைத்தது. கடற்படையில் உளவுத்துறை அதிகாரியாகப் பசிபிக் சமுத்திரத்தில் பணியாற்றினார். 1943 ஆகஸ்டில், கென்னடி தலைமை தாங்கிய சிறு போர்ப்படகை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் மோதிப் பிளந்தது. அந்நிகழ்ச்சி பற்றிய அறிக்கையை எழுதியவருள் ஒயிட்டும் ஒருவர். 1945 மே 11-ஆம் நாள், ஓகினாவா அருகே, ‘பங்கர் ஹில்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல்மேல் ஜப்பானிய விமானங்கள் இரண்டு பாய்ந்தன. ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். அக்கப்பலிலிருந்த ஒயிட், காயமுற்றோரை மீட்க உழைத்தார். இரு வெண்கல நட்சத்திரப் பதக்கங்களுடன் போரினின்று மீண்டார்.

மீண்டவர் ஆடுகளம் செல்லவில்லை. சட்டப் படிப்பை முடித்து வழக்கறிஞரானார். குடியரசுத் தலைவரான கென்னடி, 1962-இல் அவரைத் தலைமை நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமித்தார். 31 ஆண்டுகள் நீதி வழங்கி, 1993-இல் ஓய்வுபெற்று, 2002-இல் மறைந்தார்.

ஆட்ட நாளிற் பத்திரிகைகள் அவருக்கு ‘விஸர்’, அதாவது விரைந்து பாய்பவன், என்று பட்டம் சூட்டின. அப்பட்டத்தை அவர் வாழ்நாள் முழுவதும் விரும்பவில்லை. புகழ் தேடி வந்தபோது அதற்கு அடிமையாகாத உள்ளம் அது.

இனி, என் பிழையைக் கூறுகின்றேன். பல ஆண்டுகட்குமுன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மலைச்சரிவில் ஆடுபோல் ஓடுவான், பந்தென்றால் உயிர். ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதாது வந்தமைக்காக, அவன் பந்தைக் கிழித்தெறிந்தேன். மறுவாரம் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. தோட்ட வேலைக்குச் சென்றுவிட்டான். பள்ளியையும் அவனையும் பிணைத்திருந்த கயிறு அப்பந்துதான் என்பதை யான் காலங்கடந்தே உணர்ந்தேன்.

ஆதலின் பெரியோர்களே, ஆண்டுதோறும் குறிப்பேடுகளும் நூல்களும் வழங்கும் நம் சங்கம், இவ்வாண்டு முதல் பந்துகளும் வழங்குமாறு வேண்டுகின்றேன். முதற் பந்தின் விலையை யானே செலுத்துகின்றேன். அஃது என் கடன். மாணவர்களே, மாலையில் ஆடுங்கள். விளக்கேற்றியதும் நூலை எடுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை விடாதீர்கள்.