எபிசோட்: தண்ணி ரிப்போர்ட் இருக்கு, சேத்து ரிப்போர்ட் எங்கே?

"தண்ணியை டெஸ்ட் பண்ணிட்டோம், எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு." ஆத்துலயோ கடல்லயோ கழிவு கலந்துடுச்சுன்னு செய்தி வரும்போது அடிக்கடி கேக்குற பதில் இது. அந்தப் பதில் உண்மையாவே இருக்கலாம். ஆனா ஈயம், காட்மியம், பாதரசம் மாதிரி கன உலோகங்கள் விஷயத்துல அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி அடியில இருக்கிற சேத்துல இருக்கு.

ஏன்? ஆத்துல வர்ற பொடிக் களிமண் துகள்கள்ல பொதுவா எதிர்மின்னேற்றம் இருக்கும். அதனால ஒன்னையொன்னு தள்ளிக்கிட்டே மிதந்து வரும். உலோகங்கள் அந்தத் துகள்கள் மேல ஒட்டிக்கும். கழிமுகத்துல உப்புத் தண்ணி கலந்ததும் அந்தத் தள்ளுவிசை எடுபடாமப் போகுது. துகள்கள் ஒன்னு சேர்ந்து கனமாகி, கீழே படியுது. அதோட உலோகமும் படியுது. கரிமக் கழிவு மாதிரி உலோகம் மக்கிப் போகாது. ஈயம் எத்தனை வருஷம் ஆனாலும் ஈயம்தான்.

நம்ம பாஷையில சொன்னா, தண்ணி சாம்பிள் ஒரு டாஷ்போர்டு. இந்த நிமிஷ நிலைமையைக் காட்டும். காலையில திறந்துவிட்ட கழிவு, சாயங்காலம் ஓதம் வடியும்போது கடலுக்குப் போயிருக்கும். சேறுதான் லாக் ஃபைல். ஒரு குழாயைச் செங்குத்தா இறக்கி சேத்தை எடுத்து, அடுக்கடுக்கா வெட்டிப் பார்க்கலாம். நடுவுல கலைஞ்சு போகாம இருந்தா, ஈயம்-210ங்கிற கதிரியக்க ஐசோடோப்பை அளந்து எந்த அடுக்கு எந்தக் காலத்துல படிஞ்சதுன்னுகூடக் கணக்குப் போடலாம்.

இப்போ எண்ணூருக்கு வருவோம். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற இடம் அது. பக்கிங்காம் கால்வாயும் அங்க வந்து கலக்குது. சுத்தி அனல் மின் நிலையங்கள், துறைமுகங்கள், மணலி பக்கம் ரசாயன ஆலைகள். நிலக்கரிச் சாம்பலைத் தண்ணியில கரைச்சுக் கொண்டுபோற குழாய்கள் கசிஞ்சு, கழிமுகத்துல சாம்பல் படிஞ்ச விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. நிலக்கரி எரியும்போது கார்பன் போயிடும். அதுல கொஞ்சூண்டு இருந்த ஆர்சனிக், குரோமியம், ஈயம் எல்லாம் பெரும்பாலும் சாம்பல்ல செறிஞ்சு நிக்கும்.

அதே கழிமுகத்துல, இடுப்பளவுத் தண்ணியில இறங்கி, அடிச்சேத்தைக் கையால தடவி இறால் பிடிக்கிற ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் இருக்காங்க. அவங்களுக்குச் சேறுதான் வேலை செய்யற இடம். அவங்க பிடிக்கிற இறாலும் நண்டும் மேயறதும் அந்தச் சேத்துலதான். அவங்ககிட்ட தண்ணி ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினா, கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

"அப்போ சேத்தை வாரி எடுத்துட வேண்டியதுதானே?"ன்னு கேக்கலாம். அங்கதான் சிக்கல். ஆழத்துல ஆக்சிஜன் கிடையாது. அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற கருப்புச் சேறு பார்த்திருப்பீங்க. அந்தச் சல்ஃபைடு பல உலோகங்களைக் கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்கும். தூர் வாரிக் கிளறினா ஆக்சிஜன் பட்டு அந்தப் பிடி தளரும். உலோகத்துல ஒரு பகுதி திரும்பத் தண்ணிக்கு வரலாம். அதுக்காகத் தூர் வாரவே கூடாதுன்னு இல்லை. முகத்துவாரம் அடைச்சா ஓதம் உள்ள வராது, மீன் வராது. வாரறதுக்கு முன்னாடி அளக்கணும், வாரின சேறு எங்க போகுதுன்னு சொல்லணும். அவ்வளவுதான்.

இதை அலட்சியப்படுத்தினா என்ன விலைன்னு தெரிய ஜப்பானோட மினமாட்டா விரிகுடாவைப் பாருங்க. ஒரு ரசாயன ஆலையோட பாதரசக் கழிவால வந்த நோய் 1956-ல் வெளியே தெரிஞ்சது. கழிவு நின்னது 1968-ல். அடியில தேங்கின சேத்தை அகற்றி, மண் போட்டு மூடுற வேலை 1977-ல் ஆரம்பிச்சு 1990-ல்தான் முடிஞ்சது. சுமார் 58 ஹெக்டேர் கடல் நிலமாச்சு. குழாயை மூடி 22 வருஷம் கழிச்சும் சேத்தோட கணக்கு ஓடிக்கிட்டிருந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். சேத்துல ஈயம் இருக்குன்னு கேட்டவுடனே வாட்ஸ்அப்ல பதற வேண்டாம். எந்த மண்ணுலயும் இயற்கையாவே கொஞ்சம் உலோகம் இருக்கும். மணலைவிடக் களிமண்ல கூடுதலா இருக்கும். அதனால அலுமினியம் மாதிரி மண்ணோட இயல்பான ஒரு தனிமத்தோட விகிதம் போட்டு, பாதிப்பில்லாத இடத்துச் சேத்தோட ஒப்பிட்டுத்தான் பேசணும்.

ஆகவே அடுத்த தடவை உங்க ஊர்க் கழிமுகம் பத்தி ஒரு ரிப்போர்ட் வந்தா மூணு கேள்வி கேளுங்க. சேறு எடுத்தீங்களா? எவ்வளவு ஆழத்துல? எதோட ஒப்பிட்டீங்க? இந்த மூணுக்கும் பதில் இல்லாம "பாதுகாப்பானது"ன்னு எழுதியிருந்தா, அந்த வார்த்தையை அப்படியே நம்பிட வேண்டாம்.

உங்க ஊர்ல இப்படி ஒரு இடம் இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.