அலை தந்த சூடா, கணக்கு தந்த சூடா?



சூரியனில் நடக்கும் அணுக்கரு இணைவைப் பூமியில் நடத்த, டியூட்டிரியமும் டிரிட்டியமும் கலந்த வாயுவைச் சுமார் 15 கோடி டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அப்போது அது பிளாஸ்மா. எந்தப் பாத்திரம் தாங்கும்? அதனால் டோக்கமாக் என்னும் வளையக் கருவியில் காந்தப் புலத்தால் பிடித்து வைக்கிறார்கள். தொட முடியாத பொருளுக்கு அடுப்பு மூட்டுவது எப்படி? ஒரு வழி, ரேடியோ அலை.

பிரான்சில் கட்டப்பட்டு வரும் இட்டர் கருவியில் மையக் காந்தப் புலம் 5.3 டெஸ்லா. பிளாஸ்மாவில் சிறிதளவு ஹீலியம்-3 கலந்தால், அதன் அயனி அங்கே வினாடிக்குச் சுமார் 5.4 கோடி முறை சுற்றும். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினால்தானே உயரப் போகும்? அலையும் அதே தாளத்தில் தள்ளணும். அலை யாருக்கு, எந்த இடத்தில், எவ்வளவு சக்தி கொடுக்கிறது? உள்ளே எட்டிப் பார்க்க முடியாதுங்க. கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத்தான் பார்க்கணும்.

ஒரு முறை இது. பல கோடி துகள்களுக்கு ஒரு பிரதிநிதித் துகள். இடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, மின்புலம் கண்டு, துகளைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி புலம் காண்பது. இதில் ஒரு பொறி இருக்கு. டிபை நீளம் என்ற அளவைவிடக் கட்டம் மிகப் பெரிதானால், அலையே இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டருக்குள் பிளாஸ்மா தானாகச் சூடாகும்! படம் அழகாத்தான் இருக்கும். ஆனால் அது கணக்கு தந்த சூடு.

இட்டரில் அந்த நீளம் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. வளையத்தின் ஆரமோ 6.2 மீட்டர். முழுக் கருவிக்கும் அப்படிக் கட்டம் போட்டு மாளாது. ஆகவே அலைக்கு மேக்ஸ்வெல் சமன்பாடுகள், துகள்களுக்கு ஃபோக்கர்-பிளாங்க் சமன்பாடு என்று பிரித்து, இரண்டு விடையும் ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

எப்படி நம்புவது? துகள்கள் மோதாமலே அலை தேயும் என்று 1946-இல் லாந்தாவ் கணிதத்தால் காட்டினார். 1964-இல் மால்ம்பெர்க்கும் வார்ட்டனும் சோதனையில் அதைக் கண்டார்கள். இன்றைக்கும் புது நிரலுக்கு அந்த விடை ஒரு நல்ல பரீட்சை. அடுத்து, அலை இழந்த சக்தியும் துகள் பெற்ற சக்தியும் சரியா வருதா? வரலைன்னா படத்தை மூடி வைங்க. ஏனென்றால் இந்தக் கணக்கை வைத்துத்தான் ஆண்டெனாவை வடிவமைக்கிறார்கள். உலோகத்தில் செய்து முடித்தபின் திருத்துவது லேசில்லை.

மாணவர்களே, காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆதித்யா டோக்கமாக் 1989-இல் இயங்கத் தொடங்கியது. 2005-இல் இந்தியா இட்டரில் சேர்ந்தது. உங்களுக்கும் இதில் இடம் உண்டு. கம்ப்யூட்டர் கத்துக்குங்க, கையால் போடும் கணக்கை மட்டும் விட்டுடாதீங்க.